விடிவெள்ளிக்கு ஜோடி

சிப்பித்துறையின் பழைய சுங்கக் கிட்டங்கி கடல்சார் அருங்காட்சியகமாக மாறிய பிறகு, அதற்குள் நுழைந்தவர்கள் துருப்பிடித்த நங்கூரத்தையும் திமிங்கிலத்தின் விலா எலும்பையும் பார்த்துவிட்டு வெளியேற வேண்டுமானால் கடைசி அறையிலிருந்த பரிசுக்கடையைக் கடந்தே ஆக வேண்டும். அந்தக் கடையின் ஜன்னலோரத் தட்டில், கடலைப் பார்த்த முகமாக வரிசையில் நின்ற மரப் படகுகள், கடலுக்குப் போன படகுகளோடு சேர்ந்து நனைந்தன. கரைக்கு வந்த படகுகளோடு சேர்ந்து காய்ந்தன.

ஊர்ப் படகுகளின் நிறத்தையும் பெயரையும் அப்படியே தீட்டி, இரண்டு கைக்குள் அடங்கும்படி யாரோ செய்து அனுப்பிய பொம்மைகள்தான் அவை. வந்த வாரத்திலேயே அவற்றின் அடியில் தண்ணீர் கசிந்து தட்டில் உப்புப் பூத்தது. ஏன் அப்படி என்று ஊரில் யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கரைவலை ஏன் கனக்கிறது, காற்று ஏன் திரும்புகிறது என்று கேட்டுப் பழகாத ஊர் அது. இதோடு எப்படிப் பிழைப்பது என்றுதான் யோசித்தது.

முதலில் பத்திரமாக இருக்கட்டும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அன்றைக்கே கடல் கண்ணாடி போல உறைந்து, எறிந்த வலை தண்ணீரில் இறங்காமல் மேலேயே கிடந்தது. பெட்டியை எடுத்துவிட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று காப்பாளர் ஒரு பலகை மாட்டினார். அன்றைக்கு ஊர்ப் படகுகள் கொண்டுவந்த மீனை ஏலக்கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை, பூனைகூட முகர்ந்துவிட்டு விலகிப்போனது. பலகையையும் கழற்றினார்கள். ஆக, படகுகள் திறந்த தட்டில் இருக்க வேண்டும், விலையோடு இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆயிற்று. விலைச்சீட்டு அடிப்பக்கம் ஒட்டியிருந்தபோது வருகிறவர்கள் எல்லாம் படகைத் தலைகீழாகக் கவிழ்த்தே விலை பார்த்தார்கள். நடுக்கடலில் இரண்டு படகு கவிழ்ந்து, ஆட்கள் தப்பிப் பிழைத்து வந்த பிறகு, சீட்டை நூலில் கோத்துக் கொடிக்கம்பத்தில் கட்டினார்கள்.

சபீனா என்பவள் தன் புருஷனின் படகை ஆசையாய்க் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் கை நடுங்கியது. குளம் போலக் கிடந்த கடலில் அந்த ஒரு படகு மட்டும் கிடந்து ஆடியதை மற்றப் படகுக்காரர்கள் கண்ணால் கண்டார்கள். பாசம் உள்ள கை நடுங்கத்தான் செய்யும் என்பதால், ஊர்க்காரர் எவரும் படகுகளைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு 'செல்வமாதா' படகு விஷயத்தில் நடந்தது. ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் அதை எடுத்தபோது பெண்கள் உள்ளே ஓடி, ஐயா வைத்துவிடுங்கள், அது வேண்டாம், வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். இத்தனை பேர் கெஞ்சுகிறார்கள் என்றால் ஏதோ அபூர்வமான பொருள்தான் என்று அவர் உடனே வாங்கிக்கொண்டு போய்விட்டார். 'செல்வமாதா' இன்னும் கடலில்தான் இருக்கிறது. காற்று நன்றாக இருக்கும் நாட்களில் அதிலிருந்து போன் வரும். "கரை தெரியுது, கோவில் கோபுரங்கூடத் தெரியுது, ஆனா வர வரத் தள்ளிப் போகுது" என்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஈரோட்டுக்குப் போய்த் தெருத்தெருவாக ஜன்னல் வழியே அலமாரிகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சிப்பித்துறையில் ஒரு பழக்கம் உண்டானது. வெளியூர்க்காரர் கடைக்குள் வந்தால் யாரும் ஒன்றும் கேட்கக்கூடாது. எடுத்தால் பதறக்கூடாது. தானாக எடுத்தவர் தானாக வைக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு, கடலை வாங்கித் தின்பது போலவும், கடலை வேடிக்கை பார்ப்பது போலவும் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். கல்லாவில் உட்காருவதற்கு, முகத்தில் எதையும் காட்டாத ஒருத்தி வேண்டும் என்று தேடி, எமரென்சியாவை உட்கார வைத்தார்கள். எமரி என்று கூப்பிடுவார்கள். அவள் புருஷன் கஸ்பார், 'விடிவெள்ளி' படகின் டிரைவர்.

புயல் கூண்டு ஏற்றிய அன்று காலையிலிருந்தே படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தட்டில் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. மதியச் சோற்று நேரத்துக்கு இரண்டு மட்டுமே ஈரமாக நின்றன. ஒன்று விடிவெள்ளி. மற்றது 'கடல்ராணி', கஸ்பாரின் அக்கா தெக்லாவின் மகன் ஜோவாக்கிம் போன படகு. இரண்டிலிருந்தும் சொட்டிய தண்ணீர் தட்டின் விளிம்பில் சேர்ந்து, எமரி கீழே வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது. எட்டாத தூரத்தில் இருந்ததால் போன் கிடைக்கவில்லை. தெக்லா வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கடைக்கே வந்து நின்றுகொண்டாள். வெளியே ஜன்னல் ஓரம் பெண்கள் கூடியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சேலத்து வேன் வந்தது. வந்தவர்கள் நங்கூரத்தையும் எலும்பையும் ஓட்டமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட, ஒரே ஒரு அம்மாள் மட்டும் பரிசுக்கடையில் தங்கிவிட்டாள். நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறைய மல்லிகை. பெயர் சௌந்தரநாயகி என்று அவளே சொன்னாள்.

"எங்க வண்டி டயரு பஞ்சருங்க. ஒட்டுற வரைக்கும் நிதானமாப் பாக்கலாமுங்களா?"

"பாருங்கம்மா" என்றாள் எமரி.

அந்த அம்மாள் பார்த்தாள். இப்படி ஒருவர் பார்த்து எமரி கண்டதில்லை. சங்கை எடுத்துக் காதில் வைத்தாள், கண்ணை மூடிக் கேட்டாள், வைத்தாள். சோழி ஒட்டிய கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு சோழியாக நகத்தால் தட்டிப் பார்த்து வைத்தாள். சாவிக்கொத்தில் தொங்கிய கலங்கரை விளக்கத்தை ஆட்டி, சிரித்து, வைத்தாள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தாள். வைத்ததோடு நிற்காமல், ஒவ்வொன்றின் முகத்தையும் தன் பக்கமாகத் திருப்பி, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, சரியாக இருக்கிறதென்று தலையாட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள். அப்படி நகர்ந்து நகர்ந்து, ஜன்னலோரத் தட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"அட, இது நல்லா இருக்குதே" என்று விடிவெள்ளியை எடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கடலை கொறிப்பது நின்றது.

"என்னங்க இது, ஈரமா இருக்குது? பெயிண்ட் காயலைங்களா?"

"கடற்கரைக் காத்துல எல்லாமே ஈரந்தாம்மா" என்றாள் எமரி. அவள் முகம் அசையவில்லை. கல்லா மேசைக்கு அடியில் கால் விரல்கள் மட்டும் செருப்பை இறுக்கிப் பிடித்தன.

அந்த அம்மாள் படகைச் சாய்த்தாள். அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்காக மெல்ல மெல்லச் சாய்த்தாள். ஒரு சிறு நூல் தண்ணீர் படகின் ஓரத்திலிருந்து வழிந்து அவள் புடவையில் விழுந்தது.

"விலை கொடிக்கம்புல கட்டியிருக்கும்மா" என்றாள் எமரி, அவசரமில்லாத குரலில்.

"ஓ, ஆமா." படகு நிமிர்ந்தது.

தெக்லாவால் பொறுக்க முடியவில்லை. தானும் சாமான் வாங்க வந்தவள் போல ஒரு சங்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனாள். "எக்கா, அதைவிட இதைப் பாருங்க. பிளக்கைச் சொருகினா அப்படியே நிலா மாதிரி எரியும். நான் ரெண்டு வாங்கப்போறேன்."

"நீங்க எந்த ஊருங்க?"

"நானா? நான்... மதுரை."

"மதுரைங்களா? முழங்கை பூரா மீன் செதிலு ஒட்டியிருக்குதே!"

தெக்லா முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். "மதுரையில மீன் இல்லையா?" என்று முணுமுணுத்துவிட்டு விளக்கோடு ஒதுங்கினாள்.

சௌந்தரநாயகி இப்போது படகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எமரியிடம் வந்தாள். "எங்க வீட்டுக் கொலு எங்க தெருவுக்கே பேருங்க. ஒவ்வொரு வருஷமும் ஒரு காட்சி வைப்போம். போன வருஷம் சந்தை. இந்த வருஷம் துறைமுகம் வைக்கலாம்னு இருக்கேன். தட்டுல நீலப் பொடி போட்டுக் கடல், தெர்மாகோல்ல கலங்கரை விளக்கு. நடுவுல இது நின்னா எப்படி இருக்கும்!"

"கொலு முடிஞ்சதும் என்ன செய்வீங்கம்மா?" என்று எமரி கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று கேட்டபிறகு தோன்றியது.

"முடிஞ்சா, பழைய வேட்டியில நல்லா இறுக்கிச் சுத்தி, டிரங்குப் பெட்டியில அடுக்கி, பரண்மேல ஏத்திருவோம். அப்புறம் அடுத்த வருஷந்தான் வெளிச்சம்."

காற்று ஜன்னல் கதவைப் பிடித்து அடித்தது. கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்த சொட்டு இப்போது அந்த அம்மாளின் முழங்கையிலிருந்து தரையில் விழுந்தது. வேட்டிக்குள் சுற்றிய இருட்டில், திசை தெரியாத, கரை தெரியாத, ஒரு வருஷத்து இருட்டில் கஸ்பார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எமரி பார்த்தாள். தான் செய்ய வேண்டியது எதுவென்று தெரியாததால் பில் போடும் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள் அந்த அம்மாள். "ஒத்தையா எதையும் வாங்கிக் கொலுவுல வைக்கிறதில்லை. மரப்பாச்சின்னா ஆணும் பொண்ணும். செட்டியார் வாங்கினா செட்டிச்சியும் கூட வரணும். கிளி வாங்கினாக்கூட ரெண்டு. ஒத்தையில வச்சா அது ஏங்கிப் போயிரும்னு எங்க வீட்ல ஒரு இது. இந்தப் படகுக்கு ஜோடி எதுங்க?"

சொல்லிக்கொண்டே தட்டுக்குத் திரும்பிப் போய், வரிசையைப் பார்வையால் தடவி, மற்றொரு கையால் கடல்ராணியைத் தூக்கினாள். "இதுவும் ஈரமா இருக்குது. மத்ததெல்லாம் காஞ்சு கிடக்குது. அப்ப இதுதான் ஜோடி போல."

தெக்லாவின் கையிலிருந்த சங்கு விளக்கு தரையில் விழுந்து உடைந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

கெஞ்சினால் என்ன ஆகும் என்று எமரிக்குத் தெரியும். பறித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். பேசாமல் இருந்தாலோ இரண்டு படகும் சேலத்துக்குப் போகும். ஆனால் வாங்க வந்தவள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், கடைக்காரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்வது கெஞ்சுவது ஆகாது.

"அது இதுக்கு ஜோடி இல்லம்மா" என்றாள்.

"பின்னே எது?"

"இதுக்கு ஜோடி நான்தாம்மா. அதுக்கு இன்னும் ஜோடி அமையலை, பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். இப்போதைக்கு அவனைப் பெத்தவ, இந்தா நிக்காங்க, மதுரைக்காரி."

சௌந்தரநாயகி எமரியைப் பார்த்தாள். உடைந்த விளக்கின் நடுவே செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற தெக்லாவைப் பார்த்தாள். ஜன்னலில், வேடிக்கை பார்ப்பது போல நடிக்கவும் மறந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தாள். அதற்கும் அப்பால் கறுத்துக்கொண்டு வந்த கடலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் மணிக்கட்டில் வழிந்த தண்ணீரை நுனிநாக்கால் தொட்டாள்.

"உள்ளே ஆளு இருக்காங்களா?" என்று ரகசியம் போலக் கேட்டாள்.

"இருக்காங்கம்மா."

விளக்கம் எதுவும் அவள் கேட்கவில்லை. வருஷா வருஷம் பொம்மைகளை எழுப்பி, அவற்றுக்குச் சுண்டல் காட்டி, பாட்டுப் பாடி, கடைசி நாளில் ஒன்றைப் படுக்க வைத்து எல்லாவற்றையும் தூங்கப் பண்ணுகிறவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் தெரிந்துகொண்ட பிறகு இரண்டு கையிலும் இரண்டு படகோடு நின்ற அவளுக்கு வியர்த்தது. எமரி அந்தக் கைகளையே பார்த்தாள். மெதுவாக வையுங்கள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கினாள்.

கைகள் நடுங்கவில்லை. கொலுவின் முதல் படியில் நிறைகுடத்தை ஏற்றுகிறவளின் கைகள் அவை. விடிவெள்ளி தட்டில் இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் கடல்ராணி இறங்கியது. பெண்கள் மூச்சு விட்டார்கள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. ஏனென்றால் அந்த அம்மாள், பழக்கதோஷத்தில், விடிவெள்ளியின் முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பினாள். கடலுக்கு முதுகும் கடைக்கு முகமுமாக வைத்தாள். கடல்ராணியையும் அப்படியே திருப்பினாள். இரண்டு மட்டும் திரும்பி நிற்க மற்றவை முதுகு காட்டுவது அவள் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் திருப்பி, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, தலையாட்டினாள். படகுகள் தட்டுக்கு வந்த நாளிலிருந்து அவற்றைத் திருப்ப ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

"விளக்கு உடைஞ்சதுக்கு நான் தந்துருறேன்" என்றாள். பிறகு சோழியில் செய்த கிளி இரண்டு வாங்கினாள். வேன் ஹாரன் அடித்தது. வாசல்வரை போனவள் திரும்பி, "கொலுவுக்கு முன்னாடி போன் பண்ணி, வந்துட்டாங்களான்னு கேக்கலாமுங்களா?" என்று கேட்டு, கடையின் எண்ணை வாங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு மழை இறங்கியது. கடலும் வானமும் தெரியாமல் போயின. பெண்கள் உள்ளே வந்து தட்டைச் சுற்றி நின்றார்கள், தொடாமல், மூச்சுக்காற்றுகூடப் படாமல். விடிவெள்ளியின் அடியில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது, பிறகு இடைவெளி விட்டு விழுந்தது, பிறகு விளிம்பில் திரண்டு விழாமல் நின்றது. கறுத்திருந்த மரத்தில், மூக்குப் பக்கமாக, ஒரு விரலகலம் வெளுத்தது.

"ஏட்டி, காயுதுடி" என்றாள் தெக்லா. "எமரி, காயுதுடி."

துறையில் கூச்சல் கேட்டது.

கஸ்பார் வந்து கடை வாசலில் நின்றபோது உடம்பு முழுக்க உப்பாக இருந்தது. "ஸ்டியரிங் என் கையில இல்லை" என்றான். "மத்தியானம் கொஞ்ச நேரம் கடலே கீழ போயிட்டு. அந்தரத்துல நின்னோம். அப்புறம் படகு தானா மூக்கைத் திருப்பிச்சு. எங்க போகுதுன்னு தெரியலை. வழி பூரா மல்லியப்பூ வாசம்."

"சேலத்துப் பூடா தம்பி" என்று தெக்லா சிரித்தாள், அழுதாள், பின்னாலேயே நனைந்து வந்து நின்ற மகன் முதுகில் நாலு அடி வைத்தாள்.

புயல் ஓய்ந்தது. கூண்டை இறக்கினார்கள். ஆட்கள் ஐஸ் ஏற்றி, டீசல் ஏற்றிப் புறப்பட்டார்கள். துறைமுக வாய்வரை போன படகுகள் அங்கே நின்று, வட்டம் அடித்து, தொழுவத்துக்குத் திரும்பும் மாடு போல வந்து கரையில் முட்டி நின்றன. இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

வெளியூர்க்காரர் யாராவது வந்து திருப்பிவைத்தால் உண்டு. ஆனால் மழை பாலத்தை அரித்திருந்ததால் ஒரு வண்டியும் வரவில்லை. ஏலக்கூடத்தில் நாய் படுத்திருந்தது. வீடுகளில் குழம்பு தண்ணீராகிக்கொண்டே போனது. ஆனாலும், இப்படியே கொஞ்ச நாள் இருந்தால்தான் என்ன என்று ஒருத்தி காதில் ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள். எமரியும் அப்படித்தான் நினைத்தாள். கஸ்பார் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது.

கஸ்பார் காலையில் எழுந்து துறைக்குப் போனான், கட்டிக்கிடந்த படகைப் பார்த்தான். பிறகு அருங்காட்சியகத்தின் பக்கம் வந்து, பெண்கள் வழக்கமாக நிற்கும் ஜன்னலுக்கு வெளியே நின்று, தன் படகின் முதுகைப் பார்த்தான். எமரியைப் பார்க்கவில்லை. திருப்பி வை என்று கேட்கவில்லை. மறுநாளும் வந்து நின்றான். கேட்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

மூன்றாம் முறை அவன் வந்து நின்று போனபிறகு, எமரி கல்லாவை விட்டு எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யப்போற?" என்றாள் தெக்லா.

"திருப்பப் போறேன், மைனி."

"சபீனாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? உன் கை நடுங்கிச்சுன்னா?"

"நடுங்கினா அவரு வந்து என்னைத் திட்டட்டும்."

"திட்டுறதுக்கு வரணும்லா?"

தூரத்தில் விடிவெள்ளியின் இன்ஜின் இருமுவது கேட்டது. இன்றைக்கும் ஒருதரம் முயன்று பார்க்கிறார்கள். எமரி தட்டின் முன்னால் நின்றாள். படகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் அது என்றைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு கையையும் நீட்டினாள். எடுக்கும்வரை நடுங்கிய கைகள், மரத்தின் எடையை வாங்கிக்கொண்டதும் நின்றன. சேலத்து அம்மாள் வைத்தது போல, சத்தம் வராமல், தன் புருஷனின் படகைக் கடலின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

உடனே கையை எடுக்கவில்லை. இன்ஜின் சத்தம் துறைமுக வாயைத் தாண்டி, மெலிந்து, அலைச் சத்தத்தில் கரைகிற வரைக்கும், காய்ந்த மரத்தில் விரல்களை வைத்தபடியே நின்றாள்; அவை நனையத் தொடங்கியபோது எடுத்தாள்.